ஃபெல்டனின் கடிதங்களையும் படிக்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அங்கே கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தவர்களை இலக்கணத்தை ஒப்பிக்க வைத்த வறட்டு மனிதர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஹார்வர்டில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த கார்னீலியஸ் கான்வே ஃபெல்டனின் கடிதங்களைப் படித்த எவரும் அப்படி எழுத மாட்டார்.

ஃபெல்டன் 1829இல் அங்கே பணியில் சேர்ந்தார். மாணவர்களுக்காக ஹோமரின் இலியத்தைப் பதிப்பித்தார். ஆனால் கிரேக்க மண்ணை முதன்முதலாக மிதித்தது 1853இல் புறப்பட்ட ஐரோப்பியப் பயணத்தில்தான். அதுவரை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் மட்டுமே பார்த்திருந்த நாடு! அப்பயணத்தின்போது அவர் எழுதிய கடிதங்கள், அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து, 1865இல் பாஸ்டனில் நூலாயின. ஊர் திரும்பியவர் தற்காலக் கிரேக்க எழுத்தாளர்களின் உரைநடையையும் கவிதையையும் தொகுத்து 1856இல் வெளியிட்டார். செத்த மொழி என்று பிறர் சொன்னதைத் தெருவில் உயிரோடு கேட்டுவிட்டு வந்தவரின் வேலை அது. வெறும் இலக்கண வாத்தியாருக்கு இது தோன்றுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1842இல் அமெரிக்கா வந்த சார்லஸ் டிக்கன்ஸ் இவருக்கு நெருங்கிய நண்பரானார். தம் கிறிஸ்துமஸ் கதையை எழுதியபோது அழுததையும் சிரித்ததையும், ஊர் உறங்கிய இரவுகளில் லண்டன் தெருக்களில் பதினைந்து இருபது மைல் நடந்ததையும் டிக்கன்ஸ் மனம் திறந்து சொன்னது ஃபெல்டனுக்கு 1844 ஜனவரியில் எழுதிய கடிதத்தில்தான். அதற்கு ஃபெல்டன் என்ன பதில் எழுதியிருப்பார் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். டிக்கன்ஸ் 1860இல் தமக்கு வந்த கடிதங்களைக் குவித்துக் கொளுத்திவிட்டார். ஃபெல்டன் எழுதியவையும் அந்த நெருப்பில் போயிருக்கும். நினைத்தாலே நெஞ்சு வலிக்கிறது. எஞ்சியிருக்கும் பயணக் கடிதங்கள் அதனாலேயே எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

கட்டுரையாளர் மேல் எனக்கு வருத்தமில்லை. பாடநூல்களையும் கல்லூரி விதிகளையும் மட்டும் புரட்டினால் அப்படித்தான் தெரியும். வரும் இதழ்களில் ஃபெல்டனின் கிரேக்கக் கடிதங்களில் இரண்டு மூன்றையாவது தமிழாக்கி வெளியிடுங்கள். அவற்றின் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்