துருவக் கடல் காற்றில் இருப்பதெல்லாம் மாசு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில், துருவக் கடல்களில் காற்றை அளக்கும் ஆய்வுக் கப்பல்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தமிழில் இப்படி ஒரு கட்டுரை வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அந்தக் கப்பல்கள் எண்ணும் நுண்துகள்களைத் தலைப்பிலேயே 'மாசு' என்று போட்டுவிட்டீர்கள். கட்டுரைக்குள்ளும் அதே சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கருவிப் பராமரிப்பு வேலையில் இருந்தவன். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு ஜனவரியில், மொரிஷியஸின் போர்ட் லூயிஸிலிருந்து கிளம்பி தென் அட்சரேகை 60 டிகிரி தாண்டும் வரை ஓர் ஆய்வுக் கப்பலில் போனேன். கப்பலின் முன்முனையான அணியத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர், அதன் கூரையிலிருந்து மேலே நீளும் ஓர் எஃகுக் குழாய். அந்தக் குழாய் வழியே வரும் காற்றில், ஒரு கன சென்டிமீட்டருக்கு, அதாவது சுண்டுவிரல் நுனி அளவு இடத்துக்கு, எத்தனை துகள் என்று கருவி நொடிக்கு நொடி காட்டும். தினமும் காலையில் குழாயில் வடிகட்டியைச் செருகி, எண் 0 ஆகிறதா என்று பார்ப்பேன். 0 வந்தால்தான் அன்றைய மற்ற எண்களை நம்பலாம்.

துறைமுகத்தில் பல ஆயிரங்களில் ஓடிய எண், 40 டிகிரி தாண்டியதும் சில நூறுக்கு இறங்கியது. அலை கப்பலைப் புரட்டிய நாட்களில் படுக்கையைவிட்டு எழவே முடியாது, ஆனாலும் அந்த எண்ணைப் பார்க்க எழுந்து போவேன். திடீரென்று அது லட்சத்தைத் தொடும். காற்று பின்பக்கமாகத் திரும்பி, எங்கள் புகைபோக்கியின் புகையையே எங்கள் குழாய்க்குள் தள்ளுகிறது என்று அர்த்தம். அது மாசுதான், மறுக்கவில்லை. அந்த மணிநேரங்களைக் குறித்துவைத்து, கணக்கிலிருந்து நீக்கிவிடுவோம். சில நாட்களில் பாதி நாள் அப்படியே போய்விடும். ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் 2019-லிருந்து 2020 வரை ஆர்க்டிக் பனியோடு பனியாக மிதந்தபோதும், தன் சொந்தப் புகையைப் பிரித்தெடுப்பது அவர்களுக்குப் பெரிய வேலையாகத்தான் இருந்தது.

சரி, புகையை நீக்கிய பிறகு மிஞ்சுவது என்ன? அலை உடையும்போது தெறிக்கும் உப்பு. அப்புறம், கோடையில் கடலில் பெருகும் நுண்பாசிகள் விடும் ஒரு கந்தக வாயு. கடற்கரையில் நமக்கு வரும் அந்தக் கடல் வாசனையில் அதற்கும் பங்கு உண்டு. அது காற்றில் வேதிமாற்றம் அடைந்து, தலைமுடியின் தடிமனில் 100-ல் ஒரு பங்குகூட இல்லாத துகள்களாகிறது. 2018-ல் சுவீடனின் ஓடன் என்ற பனி உடைக்கும் கப்பல் வட துருவத்தை ஒட்டி நின்று அளந்தபோது, கோடை முடிந்து கடல் மறுபடி உறையத் தொடங்கும் நேரத்தில் அயோடினிலிருந்து புதுத் துகள்கள் பிறப்பதைக் கண்டார்கள். இவற்றில் எதை மாசு என்பது?

இந்தத் துகள்கள் இல்லையென்றால் அங்கே மேகமே இல்லை. நீராவி எதன் மேலாவது படிந்தால்தான் துளியாகும். நாங்கள் வைத்திருந்த கருவியும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. பியூட்டனால் என்ற ஆல்கஹாலின் ஆவிக்குள் காற்றை அனுப்பிக் குளிரவைத்தால், ஒவ்வொரு துகள் மேலும் ஆவி படிந்து லேசர் பார்க்கும் அளவுக்குத் துளி பெரிதாகும். ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் 1880-களில் நீராவியை வைத்து இதையே செய்து, உருப்பெருக்கி வழியாகக் கண்ணால் எண்ணினார். ஒரு பெட்டிக்குள் மேகம் செய்து அதை எண்ணுகிறோம் என்று முதன்முதலில் புரிந்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போதும் அதைச் சொல்லும்போது சிலிர்க்கிறது.

ஆர்க்டிக் நடுவில் சில நாட்களில் மேகத்துளிக்குக் கருவாகக்கூடிய துகள் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10-க்கும் கீழே போகும். ஊருக்குள் ஆயிரத்தோடு நூறு சேர்ந்தால் ஒன்றும் தெரியாது. அங்கே பத்தோடு பத்து சேர்ந்தால் மேகத்தின் தன்மையே மாறிவிடும். தென்பெருங்கடல் மேகங்களில் 0 டிகிரிக்கு வெகு கீழேயும் தண்ணீர் உறையாமல் துளியாகவே நிற்கிறது, ஏனென்றால் பனிக்கட்டியைத் தொடங்கிவைக்கும் வகைத் துகள் அங்கே அபூர்வம். அந்தத் துளிகள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. காலநிலைக் கணிப்பு மாதிரிகள் பலவும் இந்த இடத்தில்தான் தவறின, அங்கே கடலுக்குள் போகும் வெயிலைக் கூடுதலாகக் காட்டின. கப்பலில் போய் எண்ணாமல் இதைச் சரிசெய்வது கடினம்.

இப்படிப்பட்ட ஒன்றை 'மாசு' என்று படிக்கும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, துருவக் கடலும் கெட்டுப்போய்விட்டது என்று மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். தூரத்திலிருந்து வரும் கரியும் புகையும் ஆர்க்டிக்கை எட்டுவது உண்மைதான். அதை மாசு என்றே எழுதுங்கள். மற்றதைக் காற்றிலுள்ள நுண்துகள் என்று எழுதினால் போதும்.

அந்தப் பயணத்தில் நான் எழுதிய குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்த நாள், எந்த மணி, காற்று எந்தப் பக்கம், எண் எவ்வளவு என்று எல்லாம் கையால் எழுதியது. உங்கள் நிருபர் வந்தால் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவிப் பராமரிப்பாளர்,
தூத்துக்குடி