சோழர் புலி பாயாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்துக்குப் புதுச் சாயம் அடித்தார்கள். வாசல் சுவரில் சோழர் சின்னம் என்று ஆள் உயரத்துக்கு ஒரு புலி, வாயைப் பிளந்து நகத்தை விரித்துப் பாய்கிறது. வரைந்த பையனுக்கு நல்ல கை, அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அது சோழர் சின்னம் இல்லை.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் முப்பது வருஷத்துக்கு மேல் போர்டு எழுதியவன். கடை, லோரி, தோட்டத்துக் கோயில், தமிழ்ப்பள்ளிச் சுவர், எல்லாம் செய்திருக்கிறேன். சுதந்திர மாதம் வந்தால் நாட்டுச் சின்னம் வரையக் கூப்பிடுவார்கள். இரண்டு புலியும் பின்னங்காலில் நின்று கேடயத்தைப் பிடித்திருக்க வேண்டும், கேடயத்தின் மேல்வரிசையில் கிரிஸ் என்கிற மலாய்க் குத்துவாள் ஐந்து, அதில் ஒன்று நம் கெடாவுக்கு உரியது. நான்கு போட்டுவிட்டு வந்தால் விடுவார்களா? அழித்து மறுபடி வரையச் சொல்வார்கள், அதுதான் சரி. சோழர் புலி என்றால் மட்டும் ஆளுக்கொரு விதமாக வரைகிறோமே, அது ஏன்?

ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையின் படத்தைப் பாருங்கள். புலி உட்கார்ந்திருக்கிறது, முன்னங்காலை ஊன்றி, அவசரமே இல்லாமல். பக்கத்தில் இரண்டு மீன், கூடவே வில், மேலே வெண்கொற்றக்குடை, இரு பக்கமும் சாமரம். மீன் பாண்டியருடையது, வில் சேரருடையது. இரண்டு நாடும் எங்கள் குடைக்குக் கீழே என்பதைப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிட்டார்கள். ஜெயித்து முடித்தவன் எதற்குப் பாய வேண்டும்? மீனையும் வில்லையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் மிருகம்தான்.

கெடாவில் இருக்கிற நமக்கு இதில் இன்னும் ஒரு சொந்தம் உண்டு. கடாரம் என்பது நம் கெடாவின் பழைய பெயர். கடாரம் என்றதும் எல்லாரும் 1025-இல் ராஜேந்திரன் கப்பற்படை அனுப்பிய கதையைத்தான் எடுக்கிறார்கள். அதற்கு முன்னாலேயே கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்று ஒரு புத்த விகாரம் எழுப்பினார், அதற்கு ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்கிற ஊரையே கொடுத்தான், அதைச் செப்பேட்டில் வெட்டுவித்தது மகன் ராஜேந்திரன். மொத்தம் 21 ஏடுகள். ஒரு வளையத்தில் கோத்து, யாரும் நடுவில் ஓர் ஏட்டை உருவவோ நுழைக்கவோ முடியாதபடி வளையத்தின் வாயை அடைத்து முத்திரை வைத்திருக்கிறார்கள். கடாரத்துக்குப் படை அனுப்பிய அதே ராஜேந்திரன்தான் கடாரத்தார் கட்டிய விகாரத்துக்கு விட்ட தானத்துக்கும் சோழ முத்திரை வைத்தான். பழங்காலக் கடாரத்தின் சின்னங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்குக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நம் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு மனசு கேட்கவில்லை.

பையன்களைத் திட்டிப் பயனில்லை. போனில் தேடினால் முதலில் வருவது பாய்கிற புலிதான், அதைப் பார்த்து வரைகிறார்கள். அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் பக்கத்தில் அந்தத் திருவாலங்காட்டு முத்திரைப் படத்தை அரைப் பக்க அளவுக்காவது பெரிதாகப் போடுங்கள், மீனும் வில்லும் தெளிவாகத் தெரிகிற மாதிரி. எங்கள் வட்டாரத்தில் யாராவது சுவரில் வரைய நினைத்தால், கட்டம் போட்டுப் பெரிதாக்கிக் கொடுக்க நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

பழைய போர்டு பெயின்டர்,
பீடோங், கெடா