தந்தி அடித்த கை எழுதிய சிறுவர் கதைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கரீபிய எழுத்தாளர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். வால்காட், நைபால் இருவரையும் பற்றி நிறைவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ஜமைக்காக் கவிஞர் ஜேம்ஸ் பெர்ரியின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. பிள்ளைகளுக்கு எழுதியவர்தானே என்று விட்டுவிட்டார்களோ என மனசு சங்கடப்பட்டது.

அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் தந்தி ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவன். அவரும் தந்தி ஊழியர். லண்டனில், வெளிநாட்டுத் தந்திப் பிரிவில், கால் நூற்றாண்டு அந்த வேலைதான் பார்த்தார். இது தெரியவந்த அன்றைக்கே அவரை எங்கள் ஆளாக எடுத்துக்கொண்டேன்.

பிறந்தது 1924-ல், ஜமைக்காவின் கடலோரக் கிராமம் ஒன்றில். பதினெட்டு வயதுவாக்கில், போர்க்காலத்தில், பண்ணைக் கூலியாக அமெரிக்கா போனார். அங்கே கறுப்பர்களை நடத்திய விதம் பொறுக்காமல் ஊருக்கே திரும்பிவிட்டார். 1948-ல் ‘விண்ட்ரஷ்’ கப்பல் ஜமைக்காவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து போனது; கரீபியர்கள் பிரிட்டனில் குடியேறிய காலத்தின் அடையாளமாக அது இன்று சரித்திரம். அதில் அவரால் போக முடியவில்லை. அதே வருஷம் ‘ஆர்பிட்டா’ என்ற அடுத்த கப்பலில் போய்ச் சேர்ந்தார். பகலில் பிழைப்பு, மிச்ச நேரத்தில் எழுத்து என்று வருஷங்கள் ஓடின.

தந்தி இருந்த காலத்தில் அதில் சொல்லுக்குக் காசு. ‘தந்தை கவலைக்கிடம் உடனே புறப்படு’ என்று நாலே சொல்லில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை அடித்து அனுப்பியிருக்கிறேன். பெர்ரியின் கவிதையிலும் அந்தச் சிக்கனம் இருக்கிறது. அவர் ஊர்ப் பேச்சான ஜமைக்காக் கிரியோலில் வாக்கியம் சுருக்கமாக, தாளத்தோடு விழும். அதைத் தப்பான ஆங்கிலம் என்று பள்ளிக்கூடங்களில் அடக்கிய காலத்தில், அதிலேயே கவிதை எழுதினார். லண்டனில் குடியேறிய லூசி என்ற பெண், ஊரில் இருக்கும் சிநேகிதிக்கு எழுதுகிற கடிதங்களாக ஒரு வரிசை இருக்கிறது. திறந்து கிடக்கும் வாசலும், உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆளும் இல்லையே என்ற அவளுடைய ஏக்கத்தைப் படிக்கும்போது கண் கலங்கும்.

1981-ல் பிரிட்டனின் தேசியக் கவிதைப் போட்டியில் முதல் பரிசு அவருக்கு. பணமே கண்டிராத ஜனத்தில் பிறந்த ஒரு ஆப்பிரிக்கப் பையன், பணம் என்றால் என்ன என்று யோசிக்கிற கவிதை அது. மேற்கிந்தியக் கவிஞர் ஒருவர் அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல் தடவை.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொன்று. 1977-ல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, உதவித்தொகை கிடைத்து லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எழுத்தாளராகப் போனார். அங்கே கரீபியக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைப் போன்ற பிள்ளைகள் வருகிற புத்தகங்கள்தான் இல்லை. அந்தக் குறையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சிறுவர்களுக்கு எழுத உட்கார்ந்தார். 1987-ல் வந்த ‘கிராமத்தில் ஒரு திருடன்’ கதைத் தொகுப்பு சிறுவர் புத்தகங்களுக்கான அந்த வருஷத்து ஸ்மார்ட்டீஸ் பரிசை வாங்கியது. அடுத்த வருஷம் ‘நான் ஆடும்போது’ என்ற கவிதைப் புத்தகம். அதில் ஜமைக்காப் பழமொழிகளையும் கோர்த்துக் கொடுத்திருக்கிறார்.

அந்தத் ‘திருடன்’ கதைத் தொகுப்பைத்தான் லண்டனில் இருக்கும் என் மகள், பேத்திக்காகக் கொண்டுவந்தாள். அதில் ஒரு வாழைமரக் கதை. கஸ்டஸ் என்ற பையன் பிறந்தபோது அவனுடைய தொப்புள்கொடியோடு சேர்த்து நட்ட வாழை. அது அவனுடைய மரம். குலை விற்ற காசில் ஷூ வாங்கலாம் என்று காத்திருக்கிறான். புயல் வருகிறது. ஊர் ஜனம் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருக்க, அவன் மட்டும் மரத்தைக் காப்பாற்ற நழுவி ஓடுகிறான். எப்போதும் சிடுசிடுக்கிற அப்பா, அந்தப் புயலில் மகனைத் தேடிப் போகிறார். பேத்திக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தி, “தாத்தா, முதல்ல அவன் உயிரோட இருக்கானா, அதைச் சொல்லுங்க” என்றாள். சைக்கிளுக்கு ஆசைப்படுகிற பெக்கியின் கதை அவளுக்கு மனப்பாடம். “நீ என்ன ஆம்பிளைப் பையனா?” என்று கேட்கிற அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, செத்துப்போன அப்பாவின் தொப்பியை விற்கத் துணிகிற பெண் பெக்கி.

அடிமைக் காலத்தையும் அவர் பிள்ளைகளிடமிருந்து மறைக்கவில்லை. ‘அஜீமாவும் அவன் மகனும்’ 1807-ல், ஆப்பிரிக்காவில் தொடங்குகிற கதை. பரிசப் பொன்னைச் செருப்புக்குள் ஒளித்துக்கொண்டு, மகனோடு பெண் வீட்டுக்கு நடந்து போகிறான் அஜீமா. வழியில் இருவரையும் பிடித்துக் கப்பலேற்றி, ஜமைக்காவில் வேறு வேறு தோட்டங்களுக்கு விற்றுவிடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி, ஆனால் எதையும் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார்.

2017-ல், தொண்ணூற்றிரண்டு வயதில் காலமானார். 2024-ல் அவருடைய நூற்றாண்டு வந்து போனது. நான் பார்த்த எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் ஒரு பெட்டிச் செய்திகூட இல்லை. எங்கள் ஊர் நூலகம் ஒன்றில் அவர் புத்தகம் கேட்டபோது, “சின்னப் பசங்க புக்கா சார், அதெல்லாம் வாங்குறதில்லை” என்றார்கள். வருத்தமாக இருந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கட்டுரையின் அடுத்த பகுதி வரப்போவதாகப் போட்டிருந்தீர்கள். அதில் இவருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். உரிய அனுமதி பெற்று, உங்கள் சிறுவர் பக்கத்தில் அந்த வாழைமரக் கதையைத் தமிழில் வெளியிட முடிந்தால் இன்னும் சந்தோஷம். புத்தகம் கிடைக்காவிட்டால் எங்கள் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கிறேன். பேத்தி பள்ளி விடுமுறைக்கு வரும்போது கேட்பாள். அதற்குள் திரும்பி வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்,
கும்பகோணம்