வந்தவர் எத்தனை பேர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறு வியாபாரிகள் வலைத்தளம் தொடங்க வேண்டும் என்று உங்கள் வணிகப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறீர்கள். தொடங்கிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம். மன்னார்குடியில் கருப்பு கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், தூயமல்லி அரிசிகளைக் கடையிலும் இணையத்திலும் விற்கிறோம். எங்கள் தளத்துக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்ப்பது என் பொறுப்பு.

தளம் அமைத்துக் கொடுப்பவர்கள் மாதம் பிறந்தால் ஓர் அறிக்கை அனுப்புவார்கள். வந்தவர்கள் இத்தனை ஆயிரம், போன மாதத்தைவிட இத்தனை சதவீதம் கூடுதல் என்று பச்சை அம்புக்குறியோடு இருக்கும். பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறோம். நாளைக்கு எந்த அரிசியை எவ்வளவு எடுத்து வைப்பது என்பதற்கு அதில் ஒரு தகவலும் கிடையாது. தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸில் ஒருவர் பத்து விநாடிக்கு மேல் பக்கத்தில் இருந்தாலே அது ஈடுபாடுள்ள வருகை என்று கணக்காகிவிடும். பத்து விநாடியில் எங்கள் விலைப்பட்டியலைக்கூட ஒருவர் படித்து முடிக்க முடியாது.

உருப்படியான தகவல் சர்ச் கன்சோலில் இருக்கிறது. இதுவும் கூகுளுடையதுதான், காசு கிடையாது. மக்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடியபோது நம் பக்கம் வந்தது, எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள், எத்தனையாவது இடத்தில் நின்றது எல்லாமே தெரியும். 16 மாத விவரம் இருக்கும். யார் தேடினார் என்று மட்டும் சொல்லாது, சொல்லவும் கூடாது.

எங்கள் கவுனி பக்கம் ஏராளமான தேடல்களில் தலைகாட்டியும் தொட்டவர்கள் சொற்பம். தேடிய வார்த்தைகளைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 'எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும்', 'குக்கரில் எத்தனை விசில்', 'கஞ்சி வைப்பது எப்படி' என்று கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நாங்கள் போட்டிருந்தது விலையும் எடையும்தான். ராத்திரியே ஊறப் போட வேண்டும், சாதாரண அரிசியைவிடக் கூடுதல் விசில் விட வேண்டும், ஊறிய தண்ணீர் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது அரிசியின் சொந்த நிறம்தான் என்று அதே பக்கத்தில் எழுதினோம். பிறகு அந்தப் பக்கத்திலிருந்தே ஆர்டர் வரத் தொடங்கியது. தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியையும் விடக்கூடாது. அங்கே பலர் 'சிவப்பு அவல்' என்று தட்டியிருந்தார்கள். அப்போது எங்களிடம் அவலே இல்லை. இப்போது இடித்து விற்கிறோம்.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. குழுக்களில் பகிரும் இணைப்பைத் தொட்டு வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பெரும்பாலும் கூடவே வராது. அனலிட்டிக்ஸ் அவர்களை 'டைரக்ட்' கணக்கில் சேர்த்துவிடும். முகவரியை மனப்பாடமாகத் தெரிந்து வைத்துத் தட்டி வருகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வோம். இதற்கு, எங்கிருந்து வந்தார் என்று காட்டும் யுடிஎம் என்ற சிறு குறியீட்டை இணைப்பின் வாலில் சேர்த்தால் போதும். குழுவுக்கு ஒன்று, அரிசிப் பையில் ஒட்டும் க்யூஆர் கோடுக்கு ஒன்று எனத் தனித்தனியாக வைத்தோம். விளம்பரத்தைவிடப் பையில் ஒட்டிய கோடு வழியாக வருபவர்களே அதிகம் வாங்குகிறார்கள் என்று தெரிந்தது. சாப்பிட்டுப் பார்த்தவர்கள்தானே திரும்ப வருவார்கள்!

அனலிட்டிக்ஸ் செட்டிங்ஸில் இரண்டு இடங்களை எல்லோரும் இன்றே திறந்து பார்க்க வேண்டும். ஒன்று, நேர மண்டலம். அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் இருந்தால் நமக்கு மதியம் 12.30க்கோ 1.30க்கோதான் அங்கே தேதி மாறும். எந்த நாளின் கணக்கும் உருப்படியாக வராது. இன்னொன்று, விவரங்களைச் சேமிக்கும் காலம். 'எக்ஸ்ப்ளோர்' பகுதியில் நாமாகத் தோண்டிப் பார்க்கும் விவரங்கள் இரண்டு மாதத்துக்குத்தான் இருக்கும். 14 மாதம் என்று நாம்தான் மாற்றி வைக்க வேண்டும். எங்கள் வியாபாரம் பொங்கலை ஒட்டியது. இந்தப் பொங்கலைப் போன பொங்கலோடு ஒப்பிட இரண்டு மாத விவரம் எதற்கு ஆகும்? அழிந்த பிறகு மாற்றினால் பழையது திரும்பாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. பல கடைக்காரர்களுக்குச் சொந்தத் தளத்தின் அனலிட்டிக்ஸ் கணக்கில் நுழையவே வழியில்லை. தளம் அமைத்தவரின் ஜிமெயிலில் அது கிடக்கிறது. கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய விவரங்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. 2024 ஜூலையில் பழைய விவரங்களையும் பார்க்க முடியாமல் போனது. இடையில் ஒரு வருட அவகாசம் இருந்தது. கணக்கு கையில் இருந்தவர்கள் தரவிறக்கி வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

இவற்றை ஸ்கிரீன்ஷாட் படங்களோடு தமிழில் வாரம் ஒன்றாக நீங்கள் வெளியிட வேண்டும். மாவட்டத் தொழில் மையங்களும் தொழில்முனைவோர் பயிற்சியில் இதற்கென ஒரு நாள் ஒதுக்கட்டும். அன்று ஒவ்வொருவரும் தம் தளத்தைத் தம் கைபேசியிலேயே திறந்து, கணக்கின் அட்மின் யார் என்று பார்ப்பதிலிருந்து பாடம் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
பாரம்பரிய அரிசி விற்பனையாளர்,
மன்னார்குடி.