பச்சை இலையை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தண்டையார்பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவில் உள்ள புங்கை மரத்துக்குக் கன்றாக இருந்தபோது வைத்த இரும்புக் கூண்டை இன்றுவரை யாரும் கழற்றவில்லை. மரம் பருத்ததில், கூண்டின் மேல்வளையம் பட்டைக்குள் பாதி புதைந்துவிட்டது. புகாரின் பேரில் பார்க்க வந்தவர், “இலையெல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பச்சையை நம்பக் கூடாது என்பதை, தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மரத்தில் நீர் ஏறும் வழி வேறு, உணவு இறங்கும் வழி வேறு. வேர் உறிஞ்சும் நீரும் அதில் கரைந்த தாது உப்புகளும், உள்ளே கட்டைப் பகுதியிலுள்ள சைலக் குழாய்கள் வழியே மேலேறுகின்றன. இலைத்துளைகளில் நீர் ஆவியாக ஆக, ஒன்றையொன்று பற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் வேர்வரை தொடராக இழுபடுகின்றன என்று 1894இல் அயர்லாந்து விஞ்ஞானிகள் டிக்சனும் ஜோலியும் தந்த விளக்கமே இன்றும் ஏற்கப்படுகிறது. (உயிருள்ள செல்களின் துடிப்பே நீரை ஏற்றுகிறது என்றார் நம் ஜகதீஷ் சந்திர போஸ். அவர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு; ஆனால் அந்தக் கருத்து நிலைக்கவில்லை.)

இலை தயாரிக்கும் சர்க்கரையை வேருக்குக் கொண்டுசெல்லும் புளோயமோ, பட்டையின் உட்புறத்தில் மெல்லிய அடுக்காக இருப்பதால், வளையம் முதலில் நெரிப்பது அதைத்தான். உள்ளே கட்டை பழுதில்லாமல் இருக்கும்வரை நீர் ஏறிக்கொண்டே இருக்கும், இலையும் வாடாது. வேர் மட்டும் சேமிப்பைக் கரைத்துப் பட்டினி கிடக்கும். இறங்க வழியில்லாத உணவு தேங்கி, வளையத்துக்கு மேற்பகுதி வீங்கும். பட்டையை வளையமாக உரித்து, இதே வீக்கத்தை 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டவர் இத்தாலிய விஞ்ஞானி மால்பிகி. எங்கள் புங்கையில் அதைக் கையால் தடவியே உணரலாம். இலை உதிரத் தொடங்கும்போது வேர் பெரும்பாலும் செத்திருக்கும். அத்தகைய மரம் புயல் காற்றில் என்ன ஆகும் என்பதை, 2016 டிசம்பரில் வர்தாவைப் பார்த்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

தென்னையில் ஏறுவதற்குப் படி வெட்டுகிறார்களே, அது சாகவில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். தென்னையிலும் பனையிலும் நீரும் உணவும் செல்லும் குழாய்க் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடப்பதால் அவை தாங்கும். புங்கை, வேம்பு, பூவரசு தாங்கா.

எனவே வடசென்னைத் தெருக்களில் மரத்தை இறுக்கும் பழைய கூண்டுகளையும், விளம்பரப் பலகைக்கும் சீரியல் விளக்குக்கும் கட்டி அவிழ்க்காமல் விட்ட கம்பிகளையும் மழைக்காலத்துக்கு முன் அகற்ற உரியவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். ஏற்கெனவே பட்டைக்குள் புதைந்த வளையத்தைப் பிடுங்கினால் மிஞ்சியிருக்கும் புளோயமும் கிழிந்துவிடும். வெளியே தெரியும் இடங்களில் அதை இரண்டு மூன்றாக அறுத்துவிட்டு, உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.