கரடிப் படம் போட்ட கோப்பு

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

ரொம்ப நாள் கழித்து உன் பெயரில் மின்னஞ்சல் வந்ததும் ஆசையாகத் திறந்தேன். உள்ளே நீ எழுதியது ஒரு வரிகூட இல்லை. கரடி பொம்மைப் படம் போட்ட ஜேடிபிஜிஎம்ஜிஆர் கோப்பு வைரஸாம். 14 நாள் பதுங்கியிருக்குமாம், நார்ட்டன், மெக்காஃபி மாதிரி வைரஸ் தடுப்பு நிரல்கள்கூடக் கண்டுபிடிக்காதாம், அழித்துவிட்டு முகவரிப் புத்தகத்தில் இருக்கிற எல்லோருக்கும் சொல்ல வேண்டுமாம்.

அது வைரஸ் இல்லைப்பா. ஜாவா நிரல் எழுதுகிறவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு சேர்த்து வைத்த கோப்பு. அதனால்தான் யார் தேடினாலும் கிடைக்கிறது. தேடினதும் கிடைத்துவிட்டதே என்று பயந்துதான் ஜனங்கள் நம்புகிறார்கள். போன வருஷம், 2001இல், சல்ஃப்என்பிகே என்று இதே கதை வந்தது. அது நீளமான கோப்புப் பெயர்களை மீட்டுத் தருகிற கோப்பு. அதையும் வைரஸ் என்று சொல்லி அழித்தார்கள். 1994இல் ‘குட் டைம்ஸ்’ என்ற தலைப்பில் வருகிற மின்னஞ்சலைத் திறக்காதே என்றார்கள். அப்படி ஒரு வைரஸே கிடையாது.

‘எல்லோருக்கும் அனுப்பு’ என்று இருந்தாலே சந்தேகப்படு. வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் தங்கள் தளத்தில் புரளிகளுக்கென்றே பட்டியல் போட்டிருக்கின்றன. பார்க்காமல் அனுப்பாதே.

பெரிய அத்தை அந்தக் கோப்பை உடனே அழித்துவிட்டாள். “செந்தில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்றாள். கேட்கப் பெருமையாக இருந்தது, கோபமும் வந்தது. நம் வீட்டுக் கணினியைப் பிரித்து மாட்டினவன் நீ. உன் பேரில் வந்தால் இங்கே யாரும் யோசிக்கமாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், பார்க்காமல் அனுப்பாதே.

நீ பார்க்காமல் அனுப்புகிறவனும் இல்லை. அனுப்பின நேரத்தைப் பார்த்தேன், உன் ஊரில் விடிகாலை மூன்று மணி. அந்த நேரத்தில் ஏன் விழித்திருக்கிறாய்? அங்கே கம்பெனிகளில் ஆள் குறைக்கிறார்கள் என்று அப்பா பேப்பரில் படித்தார். எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. திருவாரூர்ச் சம்பந்தப் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அதனால்தான் எழுதாமல் இருக்கிறாய் என்றால், கவலைப்படாதே.

முதலில் நீ அந்த மின்னஞ்சலை அனுப்பின எல்லோருக்கும் ‘அது புரளி’ என்று எழுது. அத்தைக்குத் தனியாக எழுது, நான் சொன்னால் கேட்கமாட்டாள். அப்புறம் எனக்கு எழுது. வேலையைப் பற்றிச் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் சொல்லாதே. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அதை மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அம்மா