மூணு மணிக்குப் போட்ட பூனை

அம்மு,

வீட்ல எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி, தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்கா. மத்த சங்கதி அப்புறம்.

நீ போட்ட பூனைப் படத்தைத் தம்பி காட்டினான். கதையில வர்ற அந்தக் காது கிழிஞ்ச சாம்பல் பூனைதானே? வண்ணாரப்பேட்டையில முப்பது வருஷம் பேனர் எழுதின கைக்கே அந்த முதுகு வளைவு ஒரே இழுப்புல வராது. ஆனா படத்துக்குக் கீழ நேரம் பார்த்தேன். 3.12.

ராத்திரில தீட்டாத. மஞ்ச பல்பு வெளிச்சம் நீலத்தை முழுங்கிடும். பத்தலையோன்னு நீ ஏத்திக்கிட்டே போவ, விடிஞ்சு பார்த்தா பூனை கிருஷ்ணர் வேஷம் கட்டி நிக்கும். தோள்கிட்ட அதான் ஆயிருக்குது. கறுப்பைத் தண்ணியில கரைச்சு சாம்பல் பண்றதும் வேணாம், உயிர் இருக்காது. அல்ட்ராமரின் நீலத்துல பர்ன்ட் சியன்னா பழுப்பு கலந்துக்கோ. நிலா படுற முதுகுல நீலம் தூக்கலா, வயித்து நிழல்ல பழுப்பு தூக்கலா.

முடியை எல்லா இடத்துலயும் ஒரே நீளத்துக்கு இழுத்திருக்க. அதான் தேங்கா நார் மாதிரி தெரியுது. மூக்கு மேல முடி இருக்கறதே தெரியக்கூடாது, கன்னத்துல வரும்போது நீளும், கழுத்துல தொங்கும். முதல்ல வெளிச்சம், நிழல் ரெண்டையும் பெரிய பிரஷ்ல பத்தையா போட்டுட்டு, ரெண்டும் சேர்ற ஓரத்துல மட்டும் முடி பிரி. ரெண்டாம் நம்பர் பிரஷ் நுனியை விரலால அழுத்தி விரிச்சா ஒரு இழுப்புல நாலு முடி விழும். மிச்சத்தைப் பார்க்கிறவன் கண்ணு போட்டுக்கும்.

ரெண்டாவது பூச்சுக்கு முன்னாடி புறங்கையைத் தாள் மேல வெச்சுப் பாரு. சில்லுன்னு இருந்தா உள்ள இன்னும் ஈரம். அவசரப்பட்டா கீழ்ப் பூச்சு கிளம்பி காலிஃபிளவர் மாதிரி பூத்துடும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள்தானே வாங்குற? அதுக்குக் குறைஞ்சா நெளியும். நாலு பக்கமும் டேப் ஒட்டு. காசு வேணும்னா கேளு. கேக்க மாட்ட, தெரியும்.

மீசைக்கு வெள்ளை போஸ்டர் கலரை மோருக்கும் தயிருக்கும் நடுவாந்தரமா கரை. வேர்ல அழுத்தி, நுனியில பிரஷ்ஷைத் தூக்கிடு. ஒரே மூச்சு. நடுவுல நிறுத்தினா திட்டு விழும்.

காது எந்தப் பக்கம் கிழிஞ்சதுன்னு புத்தகத்தைப் பார்த்தியா? பூனைக்கு இடதுன்னா நமக்கு வலது. அந்தக் கதையைப் படிச்சவங்க முதல்ல அதைத்தான் பிடிப்பாங்க. உன் புத்தகம் மூணு இன்னும் பரண்லதான் இருக்குது.

கண்ணுதான் எனக்குச் சரிப்படல. நிலா வெளிச்சத்துல கண்மணி கோடா நிக்காது, விரிஞ்சு வட்டமாயிடும். மேல் இமையோட நிழல் விழி மேல ஒரு பட்டையா விழணும், இல்லன்னா ஒட்டவெச்ச கோலிக்குண்டுதான். நீ போட்டிருக்கிறது ரொம்ப நாள் தூங்காத கண்ணு. பகல்ல தீட்டு, ஜன்னல் ஓரமா. ராத்திரில வேணாம்.

ஒம்பதாவதுல நீ பூனையா வரைஞ்சு வெச்ச நோட்டை எடைக்குப் போட்டது அம்மா இல்ல. நான்தான். பூனையா சோறு போடும்னு கேட்டவன், பிளெக்ஸ் வந்தப்புறம் என் பிரஷ்ஷும் சோறு போடலன்னு உன்கிட்ட சொல்லல. ஒன்னே கால் கிலோ இருந்துச்சு.

காசிமேட்டுல ஏலம் முடிஞ்சதும் மீன் கூடைங்க பக்கத்துல பூனைங்க குந்தும். பின்னங்கால் மடங்குற இடம் முட்டி இல்ல, குதிகால். அது தெரியற மாதிரி பதினோரு போட்டோ எடுத்திருக்கேன், தம்பி அனுப்புவான். ஒன்னுக்கு நிஜமாவே காது கிழிஞ்சிருக்குது.

வந்துச்சான்னு ஒரு போன் பண்ணு. மூணு மணின்னாலும் பண்ணு, முழிச்சுத்தான் இருப்பேன்.

அப்பா